கரண்ட் வந்துருச்சு, கேமரா "பாஸ்வேர்ட் தப்பு"ங்குது: ரீசெட் பட்டன்ல கை வைக்காதீங்க

வணக்கம் மக்களே! போன வாரம் கேட் மோட்டார் பேட்டரி வீடியோ போட்டேன்ல, அதுக்குக் கீழ வந்த கமெண்ட்ல பாதி கேட்டப் பத்தியே இல்ல. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், எங்க இருந்து வந்தாலும் ஒரே கேள்வி. "அண்ணா, ராத்திரி கரண்ட் போய் வந்துச்சு. கேமரா அதோட சொந்த ஆப்ல நல்லா தெரியுது. ஹோம் அசிஸ்டண்ட்ல மட்டும் செத்துக் கிடக்கு. திரும்ப சேர்த்தா பாஸ்வேர்ட் தப்புங்குது. நான் பாஸ்வேர்ட மாத்தவே இல்ல." (ஹோம் அசிஸ்டண்ட்னா வீட்ல இருக்கற ஸ்மார்ட் சாதனத்தையெல்லாம் ஒரே இடத்துல பார்க்கற சாஃப்ட்வேர்.)

அதுக்குக் கீழ யாராவது ஒருத்தர் வந்து "ரீசெட் பண்ணுங்க"ன்னு எழுதிடுறாங்க. எனக்கு இந்த பதில் சுத்தமா பிடிக்கல. ஃபீனிக்ஸ்ல இருக்கற ஒரு அக்கா எழுதியிருந்தாங்க: ஆள் வந்து ரீசெட் பட்டன அமுக்கிட்டு 850 ராண்ட் வாங்கிட்டுப் போனாராம். ஒன்பது நாள் கழிச்சு கரண்ட் போச்சு, திரும்ப அதே கதை, திரும்ப 850. மொத்தம் 1700 ராண்ட்! அந்தக் காசுக்கு ஒரு புது கேமராவே வாங்கிடலாம். பட்டன அமுக்கறதுக்கு 1700 ராண்ட். எனக்கு வயிறு எரியுது.

சரி, விஷயத்துக்கு வரேன். பாஸ்வேர்ட் தப்பில்ல. கேமராவோட கடிகாரம்தான் தப்பு.

ஹோம் அசிஸ்டண்ட்டும் கேமராவும் பேசிக்கற மொழி ஆன்விஃப். அதுல பாஸ்வேர்ட அப்படியே அனுப்ப மாட்டாங்க. பாஸ்வேர்டு, ஒரு தடவை மட்டும் பயன்படற ஒரு எண், அந்த நொடியோட நேரம், மூணையும் சேர்த்து அரைச்சு ஒரு குறியீடா அனுப்புவாங்க. பழைய குறியீட்ட எவனாவது பிடிச்சு வச்சுத் திரும்ப அனுப்பக் கூடாதுல, அதுக்காகத்தான் நேரத்தையும் சேர்க்கறது. கேமரா அந்த நேரத்தத் தன் கடிகாரத்தோட ஒப்பிட்டுப் பார்க்கும். ரொம்ப தள்ளியிருந்தா உள்ள விடாது. ஆனா "நேரம் ஒத்து வரல"ன்னு சொல்லத் தெரியாம "அனுமதி இல்ல"ன்னு சொல்லிடும். நம்ம பாஸ்வேர்ட் தப்புன்னு நினைச்சுக்கறோம்.

விலை குறைஞ்ச கேமரா நிறையத்துல கடிகாரத்துக்குன்னு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தா 1970 ஜனவரி 1, இல்லன்னா 2000 ஜனவரி 1-ல இருந்து ஆரம்பிக்கும். அப்புறம் இன்டர்நெட்ல நேரம் கேட்கும், அதுதான் என்டிபி. இங்கதான் சிக்கல். கேமரா ஒரு நிமிஷத்துல எழுந்துடும். ஃபைபர் பாக்ஸும் ரவுட்டரும் எழுந்து லைன் பிடிக்க சில நேரம் அஞ்சு நிமிஷம் ஆகும். கேமரா கேட்குது, பதில் இல்ல, விட்டுடுது. அடுத்து எப்ப கேட்கும்? செட்டிங்ல பாருங்க, சில மாடல்ல 1440 நிமிஷம்னு இருக்கும். ஒரு முழு நாள்! அதனாலதான் "மறுநாள் தானா சரியாயிடுச்சு அண்ணா"ன்னு சில பேர் எழுதறீங்க.

ரீசெட் ஏன் வேலை செய்யற மாதிரி தெரியுது? ரீசெட்டுக்கு அப்புறம் போன் ஆப்ல திரும்ப செட்டப் பண்றீங்கல்ல, அப்ப போன்ல இருக்கற நேரம் கேமராவுக்குப் போயிடும். சரியானது அதால. கூடவே உங்க மோஷன் ஏரியா, ஐபி (நெட்வொர்க்ல கேமராவோட முகவரி), ஆன்விஃப் யூசர் எல்லாம் அழிஞ்சதுதான் மிச்சம்.

கண்டுபிடிக்கறது சுலபம். கம்ப்யூட்டர்ல விஎல்சி பிளேயர் திறங்க, "ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்" போங்க, கேமராவோட ஆர்டிஎஸ்பி முகவரிய (கேமரா வீடியோவ நேரா எடுக்கற முகவரி) போடுங்க. போர்ட் பெரும்பாலும் 554. டாப்போ கம்பெனி கேமரான்னா கடைசில ஸ்லாஷ் ஸ்ட்ரீம்1, ஹிக்விஷன்னா ஸ்லாஷ் ஸ்ட்ரீமிங் ஸ்லாஷ் சேனல்ஸ் ஸ்லாஷ் 101. ஆர்டிஎஸ்பி லாகின் கடிகாரத்தப் பார்க்காது. அதனால விஎல்சில படம் வருது, ஆன்விஃப் மட்டும் பாஸ்வேர்ட் தப்புங்குதுன்னா குற்றவாளி பெரும்பாலும் கடிகாரம்தான். படத்தோட மூலையில இருக்கற தேதியையும் ஒரு தடவ பாருங்க.

இப்ப சரி பண்றது. கேமரா செட்டிங்ல நேரம் பகுதிக்குப் போங்க. டைம் ஜோன் ஜிஎம்டி பிளஸ் 2, லிஸ்ட்ல ஹராரே, பிரிட்டோரியான்னு இருக்கும். டிஎஸ்டி (கோடைக்காக கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வைக்கறது) ஆஃப், நமக்கு அது கிடையாது. என்டிபி ஆன், இடைவெளி 60 நிமிஷம்.

டைம் ஜோன்ல ஒரு நிமிஷம் நில்லுங்க, பாதிப் பேர் மாட்டறது இதுலதான். சைனால இருந்து வர்ற கேமரால பிளஸ் 8 இருக்கும். நீங்க ஜோன மாத்தாம நேரத்த மட்டும் கையால திருத்திடுறீங்க. திரையில பகல் 12 மணி, பார்க்க கச்சிதமா இருக்கு. ஆனா ஆன்விஃப் பேசறது உலக நேரத்துல. டர்பன்ல 12 மணின்னா உலக நேரம் 10. பிளஸ் 8-ல இருக்கற கேமரா 12-ல இருந்து 8-ஐக் கழிச்சு 4 மணின்னு நினைச்சுக்கிட்டு இருக்கும். ஆறு மணி நேரம் தள்ளி! கண்ணுக்கு எல்லாம் சரி, கேமரா மட்டும் உள்ள விடாது. இதத்தான் இந்த வாரம் மூணு பேருக்குக் கமெண்ட்ல சொன்னேன். மூணு பேருக்கும் வந்துருச்சு. ரொம்ப சந்தோஷமா இருக்கு எனக்கு.

என்டிபி சர்வரா வெளியூர் முகவரிய வைக்கறத விட வீட்டுக்குள்ளயே ஒண்ணு வச்சுக்கங்க. மைக்ரோடிக் ரவுட்டர்னா என்டிபி சர்வர்னு உள்ளயே இருக்கு, ஆன் பண்ணா போதும். இல்லன்னா ஹோம் அசிஸ்டண்ட்ல குரோனின்னு ஆட்-ஆன் இருக்கு. கேமராவுக்கு இன்டர்நெட்ட அடைச்சு வச்சிருக்கறவங்களுக்கு இது கட்டாயம். அடைச்சா நேரமும் அடைபடும்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். ஹோம் அசிஸ்டண்ட் ராஸ்பெர்ரி பை 4-ங்கற குட்டி கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னா, அந்த போர்டுலயும் கடிகாரம் கிடையாது. பை 5-ல இருக்கு, ஆனா பேட்டரி தனியா வாங்கி மாட்டணும். கேமராவ சரி பண்ணிட்டு ராஸ்பெர்ரி பைய மறந்தா, தப்பான நேரத்தோட கேட்கறது நம்ம பக்கமா ஆயிடும்.

இன்னொண்ணு, இதையெல்லாம் ஆரம்பிக்கும் முன்னாடியே சொல்லியிருக்கணும். முதல்ல ஹோம் அசிஸ்டண்ட்ல அந்த கேமராவ டிசேபிள் பண்ணுங்க. இல்லன்னா ஹோம் அசிஸ்டண்ட் விடாம திரும்பத் திரும்ப கதவத் தட்டும். ஹிக்விஷன் மாதிரி கேமரா, லாகின் பல தடவ தோத்தா 30 நிமிஷம் பூட்டிக்கும். நீங்க கடிகாரத்த சரி பண்ணியும் வரலன்னு தலைய பிச்சுக்குவீங்க. டிசேபிள் பண்ணிட்டு, அரை மணி விட்டு, அப்புறம் ஆன் பண்ணுங்க.

விஎல்சிலயே வரலன்னா வேற கதை. முதல் சந்தேகம் ஐபி மாறியிருக்கும். ரவுட்டர்ல கேமராவோட மேக் அட்ரஸுக்கு (அந்த சாதனத்தோட அடையாள எண்) ஒரு ஐபிய ரிசர்வ் பண்ணிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. ரெண்டாவது சந்தேகம் பாஸ்வேர்டுல இருக்கற குறி. அட் குறி, ஹேஷ், ஸ்லாஷ் இருந்தா ஆர்டிஎஸ்பி முகவரி அந்த இடத்துல உடைஞ்சிடும். அட் குறிக்கு பர்சண்ட் 40ன்னு எழுதலாம். அத விட, கேமராவுக்கு மட்டும் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமா ஒரு பாஸ்வேர்ட் வச்சிடுங்க. டாப்போல ஆப் லாகின் இங்க செல்லாது. அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல கேமரா அக்கவுண்ட்னு தனியா உருவாக்கணும், ஆன்விஃப் போர்ட் 2020. பேட்டரில ஓடற டாப்போவுக்கு ஆர்டிஎஸ்பியே கிடையாது, அதோட மல்லுக்கட்டாதீங்க.

படம் வருது ஆனா பிரௌசர்ல கறுப்பா இருக்குன்னா, வீடியோ எச்265-ங்கற சுருக்கற முறையில இருக்கும். சப் ஸ்ட்ரீம (கேமரா கூடவே அனுப்பற சின்ன அளவு வீடியோ) எச்264-க்கு மாத்துங்க.

வைஃபை கேமரா ரவுட்டரையே கண்டுபிடிக்கலன்னா மூணு இடம் பாருங்க. 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பேர் வைங்க. வைஃபை பாதுகாப்பு முறைய டபிள்யூபிஏ3-ல இருந்து டபிள்யூபிஏ2 ஆக்குங்க. சேனல 1, 6, 11-ல ஒண்ணா நிறுத்துங்க. நம்ம நாட்டுல ரவுட்டர் 13 வரைக்கும் போகும், அமெரிக்காவுக்குன்னு செஞ்ச கேமராவுக்கு 11-க்கு மேல கண்ணே தெரியாது. கெஸ்ட் நெட்வொர்க்ல கேமராவ போட்டிருந்தா மத்த சாதனத்தோட பேச விடாது, அதையும் பாருங்க.

இப்ப மினி யுபிஎஸ். 2023-ல லோட் ஷெடிங்குக்குன்னு வாங்கின 12 வோல்ட் பெட்டி நிறைய வீட்ல டிராயர்ல தூங்குது. அத எடுங்க! ரவுட்டரும் ஃபைபர் பாக்ஸும் அணையாம இருந்தா, கேமரா எழுந்ததும் நேரம் கிடைச்சிடும், பாதிப் பிரச்சினை வரவே வராது. ஆனா அந்த பின். ஐயோ, அந்த பின்! பார்க்க எல்லாம் ஒண்ணு மாதிரி. வெளி அளவு ரெண்டுக்கும் 5.5 மில்லிமீட்டர். உள் ஓட்டை ஒண்ணு 2.1, இன்னொண்ணு 2.5. 2.1 பின்ன 2.5 சாக்கெட்ல தள்ளினா போகவே போகாது, அது நல்லது, உடனே தெரிஞ்சிடும். 2.5 பின்ன 2.1 சாக்கெட்ல மாட்டினா சுகமா உள்ள போயிடும், லைட்டும் எரியும். ஆனா உள்ள லூசு. கதவ அடிச்சு சாத்தினா ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும். வைஃபை சரியில்ல, ஃபைபர் சரியில்லன்னு கம்பெனிக்கு போன் போட்டு சண்டை போடுவீங்க. காரணம் 0.4 மில்லிமீட்டர்! ரவுட்டரோட வந்த அடாப்டர் பின்னையும் யுபிஎஸ் பின்னையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஓட்டைய பாருங்க, வெளிய பாக்காதீங்க. நடு பின் பாசிட்டிவான்னு லேபிள்ல பார்த்துக்கங்க.

பெட்டியில 8800 எம்ஏஎச்னு எழுதியிருந்தா அது 3.7 வோல்ட்டுக்குக் கணக்கு. சுமார் 32 வாட்-அவர்தான். ரவுட்டரும் ஃபைபர் பாக்ஸும் சேர்ந்து 12 வாட் இழுத்தா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல.

கடைசியா, பகல்ல நல்லா ஓடி சாயங்காலம் இருட்டினதும் விழற கேமரா. அது நெட்வொர்க் இல்ல, வயர். இருட்டுல ஐஆர் லைட் எரியும்போது கேமரா கூடுதலா கரண்ட் இழுக்கும். மெல்லிசு வயர்ல 20 மீட்டர் தாண்டி 12 வோல்ட் அனுப்பினா அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது குறைஞ்சிடும். மல்டிமீட்டர கேமரா முனையில வைங்க, ராத்திரி வைங்க. 11-க்குக் கீழ போச்சுன்னா தடிமனான வயர் போடுங்க, இல்லன்னா பிஓஇக்கு (நெட்வொர்க் கேபிள்லயே கரண்டும் போறது) மாறுங்க. பிஓஇக்கு முழு செப்பு கேபிள் கேளுங்க. அலுமினியத்துக்கு மேல செப்பு பூசினத மலிவுன்னு தலையில கட்டுவாங்க, எனக்கு அத கண்டாலே ஆகாது. பிளஃப் பக்கம் கடல் காத்துல நெட்வொர்க் கேபிளோட ஆர்ஜே45 முனை பச்சை பூத்துப் போகும், வாட்டர்புரூஃப் மூடி போடாம வெளிய விடாதீங்க. குரங்கு வர்ற வீடுன்னா கேபிள 20 மில்லிமீட்டர் கண்டியூட் பைப்புக்குள்ள விடுங்க, தொங்கறது எதையும் அதுங்க விட்டு வைக்காது.

இதுக்கும் வரலன்னா கேமரா மாடல் நம்பரும், படத்து மூலையில தெரியற தேதியும் கமெண்ட்ல போடுங்க. ஸ்டிக்கர போட்டோ எடுத்துப் போடறவங்க, அதுல இருக்கற க்யூஆர் கோடையும் வெரிஃபிகேஷன் கோடையும் விரலால மறைச்சிட்டு எடுங்க. போன தடவ ரெண்டு பேர் அப்படியே போட்டுட்டீங்க, பார்த்ததும் நான்தான் அழிச்சேன்.