தவணை தவறினால் மறுபடி முதலிலிருந்தா?

நேயர்களுக்கு வணக்கம். குழந்தையின் தடுப்பூசி அட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லையா? தேடிக்கொண்டே கேளுங்கள்.

முத்தடுப்பு ஊசி என்பது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றையும் தடுப்பது. அதைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது: "முத்தடுப்பு ஊசி இரண்டாம் தவணை நாலு மாசம் தள்ளிப்போச்சு. மறுபடி முதல்லேர்ந்து போடணுமா?" வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். முதல் ஊசியிலேயே உடம்பில், கிருமியை அடையாளம் வைத்துக்கொள்ளும் நினைவுச் செல்கள் உருவாகிவிடும். நாள் தவறியதற்காக அவை மறந்துவிடாது. திட்டு விழுமோ என்று கூசிக்கொண்டு போகாமலே இருந்துவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

சரி, தொடரலாம் என்றால் தாமதத்தால் என்ன கெட்டது? இடையில் போதிய பாதுகாப்பில்லாமல் கிடக்கும் நாட்கள்தான். கக்குவான் இருமல் வந்த கைக்குழந்தை சிலசமயம் இருமக்கூட இருமாது, மூச்சு நின்றுபோகும். ஆபத்து அதிகம் முதல் சில மாதங்களில். ஒரே தவணை அதற்குப் போதாது. அதனால்தான் 6 வாரத்திலோ 2 மாதத்திலோ தொடங்கி, அடுத்தடுத்துப் போடுகிறார்கள்.

அதற்காக முந்தியும் ஓடக்கூடாது. முத்தடுப்பின் முதல் மூன்று தவணைகளுக்கு நடுவே குறைந்தது 4 வாரம் வேண்டும். தட்டம்மை ஊசிக்கு 9 மாதம் அல்லது 12 மாதம் வரை காத்திருப்பதும் காரணத்தோடுதான்: தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்வரை, ஊசியிலுள்ள வலுவிழந்த கிருமியை வேலை செய்ய விடாது. நோய் பரவும்போது 6 மாதத்தில் ஒன்று போட்டாலும், அது கூடுதல் தவணை. வழக்கமான இரண்டையும் பிறகு போட்டே ஆகவேண்டும்.

மூக்கொழுகுகிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். லேசான சளியோ காய்ச்சலோ தடை அல்ல. கடுமையாக நோய்ப்பட்டிருந்தால்தான் தள்ளிப்போடுவது. இன்னொரு தரம் சொல்கிறேன், சளி தடை அல்ல. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே கணக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், சீக்கிரம் முடிக்கிறேன். முத்தடுப்புக் காய்ச்சல் ஓரிரு நாளில் வரும். தட்டம்மை ஊசிக் காய்ச்சலோ ஒரு வாரம் கழித்து வரும், திகைக்க வேண்டாம். ஊசி போட்டதும் கால் மணி நேரமாவது அங்கேயே இருங்கள். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்துக்குப் பல நாடுகளில் வயது வரம்பு உண்டு. அது தவறியிருந்தால் நாளைக்கே போய்க் கேளுங்கள். வணக்கம்.