பக்கத்தில் இருப்பது செய்யும் வேலை

அனைவருக்கும் வணக்கம். ஓவியம் படிப்பவர்களும் வடிவமைப்பு படிப்பவர்களும் ஒரே அரங்கில் இருக்கிறீர்கள். இரு சாராருக்கும் பொதுவான ஒரு விஷயத்தை மட்டும் பேசப்போகிறேன். நம் கண் எதையும் தனியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறதோ, அதோடு சேர்த்துத்தான் பார்க்கிறது.

பாரிஸில் கொப்லேன் என்ற பெயரில் அரச நெசவுக்கூடம் ஒன்று உண்டு. சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைகளுக்குப் பேர்போன இடம். 1824இல் அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் மிஷேல் ஷெவ்ரல். கொழுப்புகளை ஆராய்ந்து பெயர் வாங்கிய வேதியியலாளர் அவர். வந்ததும் அவர் மேசைக்குப் புகார்கள் வந்தன. அவற்றில் ஒன்று, நீல, ஊதா ஆடைகளின் நிழலுக்குப் போடும் கறுப்பு நூல் எடுபடவில்லை, வெளிறித் தெரிகிறது என்பது. சாயத்தில்தான் கோளாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். ஷெவ்ரல் வெளியூர்ப் பட்டறைகளின் கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்துத் தம்முடையதோடு வைத்துப் பார்த்தார். தம்முடையது எதற்கும் குறைந்ததாக இல்லை. சாயம் சரியாகவே இருந்தது. கறுப்பைக் கெடுத்தது அதன் அருகில் ஓடிய நீலமும் ஊதாவும்.

ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைத் தனக்கு நேரெதிரான நிறத்தின் பக்கம் தள்ளும். சிவப்பு பச்சையின் பக்கம் தள்ளும், நீலம் ஆரஞ்சின் பக்கம் தள்ளும். நீலத்தை ஒட்டிய கறுப்பு லேசாக ஆரஞ்சு ஏறித் தெரிவது இதனால்தான். பல ஆண்டுகள் இதைச் சோதித்து 1839இல் பெரிய நூலாகவே ஷெவ்ரல் வெளியிட்டார். அதில் வரும் ஒரு வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். வணிகர்கள் சிவப்புத் துணியைக் கொடுத்து, கறுப்பில் பூ வேலை அச்சடிக்கச் சொன்னார்கள். வேலை முடிந்து வந்ததும், “கறுப்பு கேட்டோம், பச்சையை அடித்துவிட்டீர்கள்” என்று சண்டை. ஷெவ்ரல் ஒரு வெள்ளைக் காகிதத்தில் பூவின் வடிவத்தை வெட்டியெடுத்து, சிவப்பு முழுவதும் மறையும்படி துணிமேல் வைத்தார். பூ கறுப்பாகத் தெரிந்தது. அச்சுக்காரர் பிழைத்தார்.

ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. சேலையின் மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை வைத்தால் ஒரு மஞ்சள், பச்சைக் கரை வைத்தால் வேறொரு மஞ்சள். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்கும் நெசவாளர், அந்த இரண்டு நிறமும் முட்டிக்கொள்ளும் கோட்டில்தான் வேலை செய்கிறார். நூல்கண்டைத் தனியே பார்த்து நிறத்தை முடிவு செய்பவர் ஏமாந்துபோவார்.

நிறத்தில் மட்டுமல்ல, உருவத்திலும் இதுதான் கதை. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் அந்தச் சின்னப் புடைப்புச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் யானையின் உடல், மறுபக்கம் காளையின் உடல், நடுவே இரண்டுக்கும் ஒரே தலை. வழிகாட்டிகள் உள்ளங்கையால் ஒரு பக்கத்து உடலை மறைத்துக் காட்டுவார்கள். யானையின் உடலை மறைத்தால் தலை காளையுடையது. காளையை மறைத்தால் அதே கல் யானைத்தலை ஆகிவிடும். டென்மார்க்கின் எட்கர் ரூபின் 1915இல், பூச்சாடியா இரண்டு முகங்களா என்று மாறி மாறித் தெரியும் படத்தை வைத்து உளவியல் நூல் எழுதினார். இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பி அதைப் போன்ற ஒரு விளையாட்டை 12ஆம் நூற்றாண்டிலேயே ஆடி முடித்துவிட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்று பாருங்கள், முடியாது. கண் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

1923இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்த்ஹைமர் சொன்ன, கண் பொருள்களைக் கூட்டமாகச் சேர்க்கும் விதிகளை உங்கள் பாடப்புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். அருகருகே இருப்பவற்றையும் ஒரே மாதிரி இருப்பவற்றையும் கண் ஒரு கூட்டமாகச் சேர்த்துக்கொள்ளும். அதனால் அழைப்பிதழில் மணமகள் பெயருக்கும் அவர் பெற்றோர் பெயருக்கும் இடையே வரி இடைவெளி கூடிப்போனால், பெண் வேறு வீட்டுக்காரி ஆகிவிடுவாள்! அதற்குமேல் அதில் இப்போது தங்க வேண்டாம்.

ஒளிக்கு வருகிறேன். நிறம் வேறு, அதன் வெளிச்ச அளவு வேறு. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மொனே 1872இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தை வரைந்த ‘இம்ப்ரஷன், சன்ரைஸ்’ ஓவியம் உங்களுக்குத் தெரியும். சாம்பல்நீல மூட்டத்தில் ஆரஞ்சுச் சூரியன். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். சூரியனுக்கும் அதைச் சுற்றிய மேகத்துக்கும் வெளிச்ச அளவு ஏறக்குறைய ஒன்று. ஹார்வர்டு நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதற்கு விளக்கம் தருகிறார். மூளையில் இடத்தையும் அசைவையும் கவனிக்கும் பகுதி நிறத்தை அநேகமாகப் பொருட்படுத்தாது, வெளிச்ச வேறுபாட்டை வைத்தே இயங்கும். அந்தப் பகுதிக்கு இந்தச் சூரியன் தட்டுப்படுவதே இல்லை. நிறம் அறியும் பகுதியோ ‘இதோ’ என்கிறது. அதனால் சூரியன் ஓரிடத்தில் நிற்காமல் துடிப்பதுபோல் தெரிகிறது.

மொனேவுக்கு அது வரம். உங்கள் சுவரொட்டிக்கு அது கேடு. ஒரே அளவு வெளிச்சமுள்ள சிவப்பையும் பச்சையையும் எழுத்துக்கும் பின்னணிக்கும் போட்டால் எழுத்து நடுங்கும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு எழுத்தே இருக்காது. நம் ரயில் நிலையப் பெயர்ப்பலகையைக் கவனியுங்கள், மஞ்சளில் கறுப்பு. மஞ்சள் மிக வெளிச்சமான நிறம், கறுப்பு அதற்கு எதிர்முனை. ஓடும் ரயிலிலிருந்தும் படிக்க முடிகிறது. உங்கள் வடிவமைப்பை ஒருமுறை கைப்பேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதில் படிக்க முடியாதது நிறத்திலும் சிரமப்பட்டே படிக்கப்படும். திருவிழா ஃபிளெக்ஸ் பலகைகளை இப்படிச் சோதிக்கப் போகாதீர்கள், மனம் வருந்தும்.

கடைசியாக, கணினியில் வேலை செய்பவர்களுக்கு. ‘நடுவில் வை’ என்ற பொத்தானை அழுத்தினால் கணினி அளந்து வைக்கும். வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட பிளே பொத்தானை அப்படி வைத்துப் பாருங்கள். முக்கோணத்தின் கனம் இடப்பக்கம் இருப்பதால், அது இடப்பக்கம் சாய்ந்து நிற்பதாகவே தோன்றும். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினால்தான் நடுவில் இருப்பதாகக் கண் ஒப்புக்கொள்ளும். எழுத்துரு வரைபவர்கள் ஆங்கில ‘ஓ’வை, தட்டையான ‘ஹெச்’சைவிட ஓரிரு சதவீதம் உயரமாகவே வரைகிறார்கள். சம உயரத்தில் வரைந்தால் வளைவு குட்டையாகத் தெரியும். தமிழிலும் ‘ட’வின் தட்டையான அடியும் ‘ல’வின் வளைந்த அடியும் ஒரே கோட்டில் நின்றால், ‘ல’ சற்று மேலே தூக்கியதுபோல் தோன்றும். அதைக் கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை இறக்குங்கள். உங்கள் வேலையைத் திருத்துபவர் ஸ்கேல் வைத்து அளந்து, “கோடு தாண்டிவிட்டதே” என்று கேட்டால், ஸ்கேலை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.