பயன் எழுத்தாளருக்கே!

(பட்டிமன்றத் தலைப்பு: வாசகர் எழுதும் கடிதங்களாலும் அவற்றுக்கு வரும் பதில்களாலும் பெரிதும் பயனடைபவர் வாசகரா, எழுத்தாளரா? ‘எழுத்தாளரே’ அணியின் இரண்டாவது பேச்சாளர் ஆற்றிய உரை.)

நடுவர் அவர்களுக்கும், எதிரணிப் பெரியோருக்கும், வாங்கிய புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா மூன்று சாட்சிகளோடு வந்தார். கவிஞர் ரில்கேக்குக் கடிதம் எழுதிய பத்தொன்பது வயதுப் பையன் ஒருவர். டால்ஸ்டாய்க்குக் கடிதம் எழுதிய காந்தி. எழுத்தாளர் வல்லிக்கண்ணனின் அஞ்சலட்டைக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து நின்ற நம்மூர் இளைஞர்கள். ‘கேட்டவர் வாசகர், கொடுத்தவர் எழுத்தாளர், அப்படியானால் பயன் யாருக்கு?’ என்று முடித்தார். கைதட்டலும் வாங்கினார். அம்மா, அந்த மூன்று பேரையும் நான் குறுக்கு விசாரணை செய்யப்போகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் அழைக்காமல் விட்ட ஒருவரை அழைக்க அனுமதி கொடுங்கள்.

1863, ஜூன் மாதம், லண்டன். சார்லஸ் டிக்கன்ஸ் புகழின் உச்சியில் இருக்கிறார். அவருக்கு எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி ஒரு கடிதம் எழுதுகிறார். டிக்கன்ஸ் குடியிருந்த டேவிஸ்டாக் இல்லத்தை 1860இல் விலைக்கு வாங்கியவர் இவருடைய கணவர். அப்படி ஏற்பட்ட அறிமுகம். ஏழை யூதர்களுக்கான ஓர் அறப்பணிக்கு நன்கொடை கேட்டு எழுதிய கடிதம்தான் அது. ஆனால் கேட்டதோடு நிறுத்தவில்லை. ஏழை எளியவர்களுக்காக உருகி உருகி எழுதுகிற நீங்கள், ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் ஃபேகினைப் படைத்து, ஏற்கெனவே இளப்பமாக நடத்தப்படும் எங்கள் மக்கள்மேல் இருக்கிற வெறுப்பை இன்னும் வளர்த்துவிட்டீர்கள் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறார்.

நாவலைப் படித்தவர்களுக்கு ஃபேகினைத் தெரியும். அநாதைப் பிள்ளைகளைப் பிடித்துவைத்துப் பிக்பாக்கெட் அடிக்கப் பழக்குகிற கிழவன். அவனைப் பெயர் சொல்லி அழைப்பதைவிட ‘யூதன்’, ‘யூதன்’ என்று குறிப்பிடுவதுதான் அந்த நாவலில் மிகுதி. யூதன் சிரித்தான், யூதன் கதவைத் திறந்தான், யூதன் காசை எண்ணினான் என்கிற பாணியிலேயே பக்கத்துக்குப் பக்கம் போகும்.

டிக்கன்ஸ் அடுத்த மாதமே பதில் போட்டார். முதல் பதில் எப்படி இருந்தது தெரியுமா? தற்காப்பு. அந்தக் காலத்து லண்டனில் அந்த வகைக் குற்றவாளிகள் பெரும்பாலும் யூதர்களாகத்தான் இருந்தார்கள், நான் உங்கள் மதத்தை இழிவுபடுத்தவில்லை, அவன் இனத்தைத்தான் குறிப்பிட்டேன் என்று விளக்கம். கூடவே நன்கொடையும் அனுப்பினார். வேறொரு வாசகராக இருந்தால் என்ன செய்திருப்பார்? டிக்கன்ஸே கைப்பட எழுதிவிட்டார் என்று அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். இந்த அம்மா விடவில்லை. மறுபடியும் எழுதினார். உங்கள் நாவலில் கெட்ட கிறிஸ்தவர்கள் வருகிறார்கள், பக்கத்திலேயே நல்ல கிறிஸ்தவர்களும் வருகிறார்கள். யூதர் என்று வருகிறவன் இவன் ஒருவன்தானே, எங்கள் எல்லோருக்கும் சேர்த்து இவன் ஒருவன்தானே நிற்கிறான் என்று கேட்டார்.

நடுவர் அவர்களே, இது ஒரு வாசகியின் கேள்வி மட்டுமா? நாவல் எழுதுகிற கலையைப் பற்றிய பாடம் இது. அதுவும் டிக்கன்ஸுக்கு!

அந்தப் பாடத்தை அவர் எடுத்துக்கொண்டார் என்பதற்கு அடுத்த நாவலே சாட்சி. 1864இல் தொடராக வரத் தொடங்கிய ‘அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்’ நாவலில் ரையா என்று ஒரு யூதப் பெரியவர் வருகிறார். கருணையுள்ள மனிதர். வட்டிக்கு விடுகிற ஒரு கிறிஸ்தவன் அவரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். பழி முழுவதும் பெரியவர் தலையில் விழுகிறது. ஓரிடத்தில் அவர் சொல்கிறார்: மற்றவர்களில் நல்லவரும் உண்டு கெட்டவரும் உண்டு என்று உலகம் ஒத்துக்கொள்கிறது, எங்களில் மட்டும் ஆக மோசமானவனை எடுத்து எல்லோருக்கும் மாதிரியாக வைத்துவிடுகிறது என்று. எலைசா டேவிஸ் இரண்டாவது கடிதத்தில் கேட்ட அதே நியாயம். வாசகியின் குரல் நாவலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அதோடும் முடியவில்லை. 1867இல் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ மறுபதிப்பு வந்தபோது, பிற்பகுதி அத்தியாயங்களில் ‘யூதன்’ என்று இருந்த ஏராளமான இடங்களில் அதை அடித்துவிட்டு ‘ஃபேகின்’ என்றோ ‘அவன்’ என்றோ மாற்றினார். எழுதி முப்பது வருடம் ஆகப்போகிற நாவல்! விற்பனையில் ஒரு குறையும் இல்லை. அந்த நிலையில் ஒரு மகா எழுத்தாளர் தன் பழைய பக்கங்களைத் திறந்து சொல் சொல்லாகத் திருத்துகிறார். அதே ஆண்டு எலைசா டேவிஸ் அவருக்கு ஒரு ஹீப்ரு பைபிளைப் பரிசாக அனுப்பினார். செய்த தீங்கை உணர்ந்ததும் அதற்கு ஈடுசெய்த பண்பைப் பாராட்டி அதில் எழுதியும் கொடுத்தார். மூன்று வருடத்தில் டிக்கன்ஸ் காலமாகிவிட்டார். அந்த இரண்டு கடிதங்கள் வராமல் இருந்திருந்தால், அந்தக் கறையைத் துடைக்காமலேயே அவர் போயிருப்பார். எதிரணி நண்பர்களே, இதில் பெரிதாக வாங்கிக்கொண்டவர் யார்?

நம் வீட்டுக்கு வருவோம். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950இல் தொடங்கி 1954இல் முடித்தார். முடித்தவுடன் வாசகர்கள் அவரைச் சும்மா விட்டார்களா? அவன் என்ன ஆனான், இவள் என்ன ஆனாள், ஏன் இப்படித் திடீரென்று நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் அவர் முடிவுரை எழுதினார். இன்றைக்கு நாம் வாங்குகிற ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அது இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கல்கி மறைந்தார். தன் கதைமாந்தர்களைப் பற்றியும், சரித்திரம் எது கற்பனை எது என்பது பற்றியும் அவர் நின்று நிதானமாகப் பேசக் கிடைத்த வாய்ப்பு அது. அதைக் கொடுத்தவர்கள் வாசகர்கள்.

ஜெயகாந்தனை விட்டுவிட முடியுமா? 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண், முன்பின் தெரியாதவன் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்தச் சண்டைக்குள் இருந்துதான் அடுத்த கேள்வி பிறந்தது. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன? ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ வந்தது. அதற்கு 1972இல் சாகித்ய அகாதெமி விருதும் வந்தது. சிறுகதையோடு நின்றிருக்க வேண்டிய அந்தப் பெண், கேள்வி கேட்டவர்களால் நாவலின் நாயகி கங்கா ஆனாள்.

என் வகுப்பில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். பாடத்தில் இருந்த ஒரு கதையைப் படித்துவிட்டு மாணவி ஒருத்தி அந்த எழுத்தாளருக்கு இன்லாண்டு கடிதம் போட்டாள். இலக்கியக் கேள்வி எதுவும் இல்லை. அந்தக் கதையில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், அம்மா மட்டும் ஏன் ஒருவேளைகூடச் சாப்பிடவில்லை என்று கேட்டிருந்தாள். பத்து நாளில் பதில் வந்தது. எங்கள் முன்னால்தான் பிரித்தாள். நாலே வரி. நீ கேட்டபிறகுதான் கதையை எடுத்து மறுபடி படித்தேன், அதை நான் யோசித்து எழுதவில்லை, என் அம்மாவை அப்படியே எழுதியிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது என்ற பொருளில் எழுதியிருந்தார். கடைசி வரியில் எழுத்து கொஞ்சம் கோணிப்போயிருந்தது. தன் கதையில் தன் அம்மா உட்கார்ந்திருப்பதை அந்த மனிதருக்குக் காட்டியவள், வாடிப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து படிக்கிற ஒரு பதினெட்டு வயதுப் பெண். அவளுக்குக் கிடைத்தது ஒரு பதில் கடிதம். அவருக்குக் கிடைத்தது என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எதிரணியிலிருந்து குறிப்புச் சீட்டு ஒன்று நடுவரிடம் போவதைப் பார்க்கிறேன். ‘திட்டி வருகிற கடிதங்கள்?’ என்று கேட்பீர்கள். உண்டு. 1893இல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸைக் கதையில் சாகடித்தபோது, ‘மிருகமே’ என்று விளித்தே ஒரு அம்மா கடிதம் எழுதினார். டாயிலே அதைப் பதிவு செய்திருக்கிறார். எல்லாக் கடிதமும் தேனாக இனிக்கும் என்று எங்கள் அணி சொல்லவில்லை. தன் கற்பனை இன்னொருவர் வீட்டில் எவ்வளவு நிஜமாக வாழ்ந்துகொண்டிருந்தது என்று ஒரு எழுத்தாளருக்குத் தெரிய அதைவிட வேறு என்ன வழி இருக்கிறது? இதை மட்டும் கேட்டுவிட்டு மேலே போகிறேன்.

இப்போது அம்மாவின் சாட்சிகள். முதலில் வல்லிக்கண்ணன். ராஜவல்லிபுரத்துக்காரர். 1978இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். அவரும், நெல்லை சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்த விமர்சகர் தி.க.சி.யும் எழுதிய அஞ்சலட்டைகளுக்குக் கணக்கே கிடையாது. அம்மா சொன்னது அதுவரைக்கும் சரி. ஆனால் அந்த அட்டைகளில் பெரும்பகுதி எப்படிப் புறப்பட்டன என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எங்கோ ஒரு சிற்றிதழில், பெயர் தெரியாத ஒருவரின் முதல் கதை வந்திருக்கும். இவர்கள் அதைப் படிப்பார்கள். படித்த கையோடு அட்டையை எடுத்து, எது நன்றாக இருக்கிறது, எங்கே இடறுகிறது என்று நுணுக்கி நுணுக்கி எழுதி, முகவரிப் பக்கத்து ஓரம்வரை நிரப்பித் தபாலில் சேர்த்துவிடுவார்கள். அந்த நிமிஷத்தில் வல்லிக்கண்ணன் யார்? தி.க.சி. யார்? வாசகர்கள்! கடிதத்தைப் பெற்றவர் யார்? எழுத்தாளர்! ஒரு கதை எழுதிவிட்டு, யாராவது படித்தார்களா என்றுகூடத் தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளர். அந்த அட்டை வந்ததால்தான் அடுத்த கதையை எழுதினேன் என்று சொல்கிற தலைமுறையே தமிழில் உண்டு. அம்மா, உங்கள் சாட்சி எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

அடுத்து ரில்கே. ஆஸ்திரியாவில் ராணுவப் பயிற்சிக்கூடத்தில் இருந்த ஃபிரான்ஸ் காப்புஸ் என்ற இளைஞர், தன் கவிதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்கிறார். 1903 பிப்ரவரியில் பாரிஸிலிருந்து பதில் வருகிறது. மொத்தம் பத்துக் கடிதங்கள். ரில்கே இறந்தபிறகு, 1929இல் காப்புஸ் அவற்றைப் புத்தகமாக்கினார். உலகம் முழுக்க இளங்கவிஞர்கள் படிக்கிறார்கள். சரி. ஆனால் ரில்கே அந்த முதல் பதிலை எழுதும்போது அவருக்கு வயது என்ன? இருபத்தேழு. ஊரில் பெரிய கவிஞராக உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்யவில்லை. பாரிஸ் ஒத்துக்கொள்ளாமல், உடம்பும் மனசும் தளர்ந்து கிடந்த காலம். பத்து வயதில் ராணுவப் பள்ளியில் சேர்க்கப்பட்டு அதை வெறுத்து வெளியேறியவர் அவர். அதே சீருடையில் நின்று ஒரு பையன், நான் எழுதலாமா என்று கேட்கிறான். இரவின் மிக அமைதியான நேரத்தில் உன்னையே கேட்டுப்பார், எழுதியே ஆகவேண்டுமா என்று பதில் சொல்கிறார் ரில்கே. அந்தக் கேள்வி அன்றைக்கு யாருக்கு அதிகம் தேவைப்பட்டது? காப்புஸ் பிற்பாடு பத்திரிகையாளராகவும் ஜனரஞ்சக நாவலாசிரியராகவும் ஆனார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனவர் ரில்கே.

கடைசிச் சாட்சி, டால்ஸ்டாய். இதை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். முதலில் அவருக்கு எழுதியவர் தாரக்நாத் தாஸ், கனடாவிலிருந்து விடுதலைக்காகப் பத்திரிகை நடத்திய இந்தியர். அவருக்குப் பதிலாக டால்ஸ்டாய் மாதக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதியதுதான் 1908இன் ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’. அதில் நம் குறளை எடுத்தாள்கிறார். இன்னாசெய்யாமை அதிகாரம். ‘இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்’ ரஷ்யாவில் அவர் கையால் எழுதப்படுகிறது. வாசகர் ஒருவர் கடிதம் போட்டதால் நடந்தது அது.

அந்தக் கடிதம் காந்தி கையில் கிடைக்கிறது. 1909 அக்டோபரில் அவர் லண்டனிலிருந்து டால்ஸ்டாய்க்கு எழுதுகிறார். இதை அச்சடித்துப் பரப்பலாமா, மறுபிறவி பற்றிய சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்கிறார். எடுக்க எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் உங்கள் இஷ்டம் என்று பதில் வருகிறது. இதனால் காந்திக்குத் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணை கிடைத்தது, அங்கே தமிழ்ப் பிள்ளைகள் படித்தார்கள் என்று அம்மா உருக்கமாகச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது.

ஆனால் அந்தப் பக்கம் இருந்த கிழவரைப் பாருங்கள் நடுவர் அவர்களே. 1901இல் திருச்சபை அவரை விலக்கிவைத்துவிட்டது. புத்தகங்களுக்குத் தடை. வன்முறை வேண்டாம் என்ற அவர் கொள்கையை அரசாங்கமும் ஏற்கவில்லை, புரட்சிக்காரர்களும் ஏற்கவில்லை. வீட்டுக்குள்ளேயே சண்டை. எழுதியதெல்லாம் காகிதத்தோடு போய்விடுமோ என்று நினைக்கத்தக்க முதுமை. அப்போது, உங்கள் புத்தகத்தைப் படித்தவன் நான், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் எங்கள் மக்கள் அந்த வழியில் நின்று சிறைக்குப் போகிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதுகிறார். 1910 செப்டம்பரில் டால்ஸ்டாய் காந்திக்குக் கடைசியாக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். உலகத்தின் மறுகோடியில் இருப்பதாக எங்களுக்குத் தோன்றும் அந்த டிரான்ஸ்வாலில் நீங்கள் செய்கிற வேலைதான் இன்று நடப்பவற்றில் மிக மையமானது, முக்கியமானது என்று அதில் சொன்னார். அந்த நவம்பரில், வீட்டைவிட்டுப் புறப்பட்டு வந்த வழியில், ஒரு சின்ன ரயில் நிலையத்தில் இறந்துபோனார்.

தான் எழுதியது வீண்போகவில்லை என்பதை உயிரோடு இருக்கும்போதே அவருக்குச் சொன்னது எந்த விமர்சகரும் அல்ல, எந்த விருதும் அல்ல. தபாலில் வந்த ஒரு வாசகர் கடிதம். காந்திக்கு வயது நாற்பது, அவர் முன்னால் இன்னும் முப்பத்தெட்டு வருட வாழ்க்கை இருந்தது. டால்ஸ்டாய்க்கு வேறு எதுவும் வரப்போவதில்லை. யாருக்கு அது பெரிது?

மணி அடித்துவிட்டது. தீர்ப்பு எங்கள் பக்கம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மீதியை எங்கள் அணித் தலைவர் பேசுவார். நன்றி, வணக்கம்.