தவளை ஓடையின் இரு கரைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஓர் ஊரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பேச ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு சிக்கல். எஸ்டோனியாவின் தெற்கு விளிம்பில் வல்கா என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. அதை ஒட்டியே, ஒரு ஓடையைத் தாண்டினால், லாட்வியா நாட்டில் இன்னோர் ஊர். அதன் பெயரும் வல்காதான். முதல் ஊரின் பெயரில் வருகிற 'க' மென்மையானது, அடுத்த ஊரின் 'க' கொஞ்சம் வலியது. அவர்களுடைய எழுத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் எஸ்டோனிய ஊரை வல்கா என்றும், லாட்விய ஊரை வல்க்கா என்று சற்று அழுத்தியும் சொல்கிறேன். காது கொடுத்துக் கேளுங்கள்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் எழுத்து செய்வதுதான் நியாயம் என்று படுகிறது. 1920 வரைக்கும் அது ஒரே ஊர். ஜெர்மன்காரர்கள் அதை வால்க் என்று அழைத்தார்கள். எஸ்டோனியர் ஒருவிதமாகச் சொன்னார்கள், லாட்வியர் இன்னொரு விதமாகச் சொன்னார்கள். ஊர் ஒன்று, வாய்தான் வேறு.

ரயிலில் போய் இறங்கினால், ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத ஒரு பெரிய நிலையம் உங்களை வரவேற்கும். கோபுரம் வைத்த, ஸ்டாலின் காலத்துக் கட்டடம். 1949ல் திறந்தார்கள். பழைய நிலையம் போரில் அழிந்துபோயிருந்தது. அதே 1949 மார்ச்சில்தான் எஸ்டோனியாவிலிருந்து 20,000 பேருக்கு மேல் சரக்குப் பெட்டிகளில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது எனக்கு அந்த ஆண்டு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய நீராவி எஞ்சினை நினைவுச் சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஊரை வளர்த்தது ரயில் என்பதால் அது பொருத்தம்தான். 1880களின் இறுதியில் லாட்வியத் தலைநகரான ரீகாவிலிருந்தும் எஸ்டோனிய நகரமான தார்த்துவிலிருந்தும் பாதைகள் இங்கே வந்து சேர்ந்தன. அதற்கு முன் சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர், பட்டறைகளும் தொழிற்கூடங்களுமாகப் பெருத்தது.

அங்கிருந்து நடந்து ஊர் நடுவுக்கு வந்தால் யோவான் தேவாலயம். 1787ல் தொடங்கிய வேலை 1816ல்தான் முடிந்தது. எஸ்டோனியாவில் நீள்வட்டமாகக் கட்டிய ஒரே தேவாலயம் இது என்பார்கள். மூலைகளே இல்லாத சுவரைச் சுற்றி வரும்போது, எங்கே தொடங்கினோம் என்பது மறந்துவிடும். அதைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் எல்லை.

எல்லை என்றதும் நமக்கு முள்வேலியும் துப்பாக்கியும்தானே மனதில் வரும்? இங்கே இருப்பது ஒரு சிற்றோடை. நல்ல காலுள்ளவர் ஓடிவந்தால் தாண்டிவிடலாம். ஒரு கரையில் நீலம், கறுப்பு, வெள்ளை அடித்த எஸ்டோனியக் கம்பம். எதிரே சிவப்பும் வெள்ளையும் அடித்த லாட்வியக் கம்பம். எஸ்டோனியர் இந்த ஓடையை கொன்னஓயா என்கிறார்கள். லாட்வியர் வர்ஜுபீத்தே என்கிறார்கள். காதுக்கு இரண்டும் ஒட்டவே ஒட்டாது. எஸ்டோனிய மொழி ஃபின்லாந்து மொழியின் உறவு, லாட்விய மொழியோ இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். நன்றி சொல்ல இந்தக் கரையில் 'ஐத்தா', அந்தக் கரையில் 'பால்டியெஸ்'. ஆனால் ஓடையின் பெயருக்குப் பொருள் கேட்டால் இரு கரையிலும் ஒரே பதில்: தவளை ஓடை. நூற்றாண்டுக் கணக்கில் ஒரே தவளைச் சத்தத்தைக் கேட்டவர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

எஸ்டோனிய மொழியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், தமிழ்க் காதுக்குப் பிடிக்கும். நமக்குக் குறில், நெடில் என்று இரண்டு அளவு. அவர்களுக்கு மூன்று அளவு. அவர்களுடைய அந்த மென்மையான 'க'வும் தொண்டை அதிராமல் வருவதுதான். நம் 'க'வுக்குப் பக்கத்து வீடு.

சரி, வரலாற்றுக்கு வருவோம். ஊரின் பெயர் ஏடுகளில் முதலில் தென்படுவது 1286ல். 1435ல் லிவோனியாவின், அதாவது இன்றைய எஸ்டோனியாவும் லாட்வியாவும் சேர்ந்த அன்றைய நிலத்தின், ஆயர்களும் வீரத்துறவியர் அமைப்பும் நகரங்களும் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டதும் இங்கேதான். பால்டிக் நிலத்தின் நடுவில் இருந்ததால் எல்லாரும் வந்து சேர இது தோதான இடம். 1584ல் போலந்து மன்னர் ஸ்டெஃபான் பாத்தொரி நகர உரிமை கொடுத்தார். பிறகு சுவீடன், பிறகு ரஷ்யா.

இதையெல்லாம்விட என்னை நிறுத்தி வைப்பது ஒரு பள்ளிக்கூடம். யானிஸ் சிம்ஸே என்ற லாட்விய ஆசிரியர் 1839ல் வல்மியேரா ஊரில் கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1849ல் அது இந்த ஊருக்கு வந்தது. 1890 வரை நடந்தது. லாட்வியப் பையன்களும் எஸ்டோனியப் பையன்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். பாடமொழி ஜெர்மன். ஆக, இரண்டு பேருக்கும் அது அந்நிய மொழி. ஆனால் சிம்ஸே பாட்டுப் பைத்தியம். நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்துச் சேர்ந்திசையாக்கியவர். கிராம ஆசிரியர் என்றால் ஊரைப் பாட வைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தின் விளைவைப் பாருங்கள். 1869ல் தார்த்துவில் எஸ்டோனியரின் முதல் பாட்டுத் திருவிழா நடந்தது. அந்த மேடையில் எஸ்டோனியர் ஒருவரே இசையமைத்த பாட்டுகள் என்று இருந்தவை இரண்டே இரண்டு. இரண்டும் லிதியா கொய்துலாவின் கவிதைகள், இரண்டுக்கும் இசை அலெக்சாந்தர் குனிலெய்த். அவர் சிம்ஸேயிடம் படித்தவர், அந்தப் பள்ளியிலேயே கற்பித்தவர். எஸ்டோனிய விழிப்புணர்வுக் காலத்தின் உரத்த குரலான கார்ல் ராபர்ட் யாகொப்சனும் அதே பள்ளி மாணவர்தான். பாட்டுத் திருவிழா இல்லாமல் எஸ்டோனியா என்ற நாட்டை நினைத்துப் பார்க்க முடியாது. அதற்கு விதை போட்டவர்களில் ஒருவர் லாட்வியர். அந்தப் பள்ளிக் கட்டடம் இன்று லாட்வியப் பக்கத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. எஸ்டோனியாவிலிருந்து வருகிறவர்கள் தங்கள் இசையின் பிறப்பிடத்தைப் பார்க்க அயல்நாட்டுக்குள் நடந்து போகிறார்கள்.

அப்புறம் வந்தது பிரிக்கும் காலம். 1917 செப்டம்பரில் ரீகா ஜெர்மானியர் கையில் விழுந்தது. அதனால் லாட்வியத் தலைவர்கள் அந்த நவம்பரில் இங்கே கூடித் தற்காலிக தேசிய மன்றத்தை அமைத்தார்கள். லாட்வியருக்கு இது தங்கள் அரசு கருக்கொண்ட ஊர். எஸ்டோனியர் தரப்பிலும் ஒரு கணக்கு இருந்தது. 1919 ஜனவரி 31ல் ஊருக்கு வெளியே பாயு பண்ணையில் ரஷ்யப் போல்ஷிவிக்குகளின் செம்படையோடு கடுமையான சண்டை. எஸ்டோனியரோடு ஃபின்லாந்துத் தொண்டர்களும் நின்று போராடினார்கள். படைத்தலைவர் யூலியுஸ் குபெர்யானவ் படுகாயமடைந்து இரண்டு நாளில் இறந்தார். சண்டை நடந்த மறுநாளே ஊர் மீட்கப்பட்டது. ரத்தம் சிந்தி மீட்ட ஊரை எப்படி விட்டுக்கொடுப்பது?

இரண்டு புதிய நாடுகள். இரண்டுக்கும் ரயில் சந்திப்பு வேண்டும். தெருவுக்குத் தெரு இரண்டு மொழியும் கலந்து பேசும் மக்கள். பேச்சுவார்த்தையில் முடிவு வரவில்லை. கடைசியில் ஸ்டீபன் டாலன்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரியிடம் தீர்ப்பை ஒப்படைத்தார்கள். அவருக்கு அப்போது 35 வயது. 1920 ஜூலை 1ஆம் தேதி அவர் தீர்ப்பு வந்தது. ஊரின் நடுப்பகுதியும் ரயில் நிலையமும் எஸ்டோனியாவுக்கு. ஓடைக்கு அப்பாலுள்ள புறநகர் லாட்வியாவுக்கு. கோடு கொஞ்ச தூரம் ஓடையோடு போனது, கொஞ்ச தூரம் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் இடையே போனது. ஒரு புறநகர் ஒரே நாளில் தனி ஊராக வேண்டியிருந்தது.

டாலன்ட்ஸைத் திட்டுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. யார் கோடு போட்டிருந்தாலும் எங்கேயோ ஒரு வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில்தான் போயிருக்கும். அதோடு, அவரைக் கோடு போடச் சொன்னதே இந்த இரு நாடுகளும்தான்.

அதே ஆண்டில் ஊருக்கு ஒரு மகிழ்ச்சியும் கிடைத்தது. வல்காவில் பிறந்த ஆல்ஃப்ரெத் நெய்லான்த் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் தங்கம் வென்றார். எஸ்டோனியா என்ற நாட்டுக்கு அது முதல் ஒலிம்பிக் தங்கம்.

சோவியத் காலத்தில் எல்லை வரைபடத்தில் மட்டும் இருந்தது. வீடு ஒரு பக்கம், வேலை மறுபக்கம், பெண் எடுத்தது இங்கே, மாமனார் வீடு அங்கே. அந்த ஆட்சி இழைத்த கொடுமைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த ஒரு ஊரில் மட்டும், 1991ல் வந்த விடுதலையோடு வேலியும் வந்து சேர்ந்தது. இரண்டு நாடும் மறுபடி சுதந்திரம் பெற்றன, கோடு உயிர்த்தெழுந்தது. தெருக்கள் பாதியில் அடைபட்டன. ஓடைக்கு அப்பால் இருக்கும் அம்மாவைப் பார்க்க, சுற்றிக்கொண்டு சோதனைச் சாவடிக்குப் போய்க் கடவுச்சீட்டை நீட்ட வேண்டும். கல்லறைக்குப் பூ கொண்டுபோகவும் அதே வரிசைதான். 2007 டிசம்பர் 21 அன்று, எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர வழிசெய்யும் ஐரோப்பிய ஷெங்கன் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் சேர்ந்தபோதுதான் தடுப்புகள் அகன்றன.

அதற்குப் பிறகும் கோடு வேறு வேறு வடிவில் தலைகாட்டும். எஸ்டோனியா 2011ல் யூரோவுக்கு மாறியது, லாட்வியா 2014ல். இடையில் மூன்று ஆண்டு, ரொட்டி வாங்க ஒரு பணம், பால் வாங்க ஒரு பணம். 2017ல் எஸ்டோனியா மது வரியை ஏற்றியதும், அந்நாட்டுக் கார்கள் வல்க்கா கடைகளுக்கு முன் வரிசைகட்டி பீர் பெட்டிகளை ஏற்றின. 2019ல் அரசு வரியைக் கால்பங்கு குறைக்க வேண்டியதாயிற்று. 2020 மார்ச்சில் கொரோனா. ஓடைப் பாலத்தருகே மறுபடி தடுப்பு. மே 15 வரை. இளையவர்களில் பலர் தங்கள் ஊரில் எல்லை என்ற ஒன்றை அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள்.

ஆனால் இன்று இந்த ஊரின் பெரிய கவலை எல்லை இல்லை, ஆட்கள் போய்க்கொண்டே இருப்பதுதான். 1989ல் வல்காவில் 17,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது 12,000 பேர் அளவில். ஆட்கள் போனாலும் வீடுகள் நின்றுவிடுகின்றன. குளிர் நாட்டில் இது லேசான விஷயம் இல்லை. அடுக்கு வீட்டில் பாதி காலியானால், மீதமிருக்கும் நான்கு கிழவர்கள் முழுக் கட்டடத்துக்கும் வெப்பச் செலவைச் சுமக்க வேண்டும். கூரை ஒழுகினால் பழுதுபார்க்கப் பணம் சேராது.

வல்கா நகராட்சி ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. 'ஊர் மறுபடி வளரும்' என்று காத்திருக்காமல், சுருங்கியதை ஒப்புக்கொண்டு காலி வீடுகளைத் தானே இடித்து, நடுப்பகுதியை நெருக்கமாகவும் உயிரோட்டமாகவும் ஆக்குவது. அந்த வேலையை முன்னின்று நடத்திய நகரக் கட்டடக் கலைஞர் யிர்ஷி திந்தெரா செக் நாட்டில் பிறந்தவர். இரண்டு ஊரும் சேர்ந்து ஓடைக்கு இருபுறமும் ஒரே மையத்தை அமைத்தன. அங்கே ஓர் ஊஞ்சல் உண்டு. முன்னே போனால் ஒரு நாடு, பின்னே வந்தால் இன்னொரு நாடு. படம் எடுக்க வருகிறவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தவை அருகே புதிதாகப் போட்டிருந்த மர இருக்கைகள். ஒரு பாட்டி கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே ஓய்வாக உட்கார்ந்திருந்தார். எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

டாலன்ட்ஸ் தீர்ப்பின் ஒரு விளைவு மட்டும் இன்றும் தினமும் நடக்கிறது. நிலையம் எஸ்டோனியாவுக்குப் போய்விட்டதால் வல்க்கா ஊருக்குள் ரயில் இல்லை. லுகாஜி நிறுத்தம் ஊருக்கு வெளியே இருக்கிறது. தன் தலைநகரான ரீகாவுக்குப் போக வேண்டிய லாட்வியர், காலையில் பையை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டுகிறார். எஸ்டோனியத் தெருக்கள் வழியே நடந்து, அந்தக் கோபுரம் வைத்த நிலையத்துக்குப் போகிறார். அங்கே லாட்விய ரயில் அவருக்காக நிற்கிறது.

நன்றி. வணக்கம்.