எழுதிக் கொடுத்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். குடிநீர், பேருந்து, மின்சாரம் போன்ற சேவைகளை அரசே நடத்த வேண்டுமா, தனியாரிடம் விட வேண்டுமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்பு மாதிரிதான் இருக்கிறது, நடுவர்தான் இல்லை.

சிகாகோவிலிருந்து தொடங்குகிறேன். 2008 டிசம்பரில் அந்த நகர நிர்வாகத்துக்குப் பணமுடை. தெருவோரம் வண்டி நிறுத்துவதற்கான கட்டணத்தை வசூலிக்கும் உரிமையை 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தது. கைக்கு வந்தது சுமார் 115 கோடி டாலர். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே நகர மன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. வீட்டை ஒத்திக்கு விடுகிறவர்கூட இன்னும் கொஞ்ச நாள் யோசிப்பார்! அடுத்த ஆண்டே நகரத்தின் கண்காணிப்பு அதிகாரி கணக்குப் பார்த்துவிட்டு, ஏறத்தாழ 97 கோடி டாலர் குறைவாக வாங்கியிருக்கிறீர்கள் என்றார். இன்னொன்றும் உண்டு. பழுதுபார்க்கவோ திருவிழாவுக்கோ நகரம் தன் சொந்தத் தெருவை மூடினால், அந்த நேரத்து வருமான இழப்பை நிறுவனத்துக்கு ஈடுகட்ட வேண்டும். வாங்கிய பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. ஒப்பந்தம் முடிய 2080-ஐத் தாண்ட வேண்டும்.

சரி, தனியார் என்றாலே இப்படித்தானா? அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் 1993-இல் குடிநீரைத் தனியார் எடுத்து நடத்தினார்கள். குழாயே பார்க்காத ஏழைப் பகுதிகளுக்கும் இணைப்பு போனது. அந்நாட்டில் குடிநீரைத் தனியார் ஏற்ற நகராட்சிகளில் குழந்தை இறப்பு ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்ததாகவும், மிக ஏழ்மையான இடங்களில் 26 சதவீதம் குறைந்ததாகவும் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்புறம் கட்டணத் தகராறு முற்றி, 2006-இல் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அதுவும் சும்மா முடியவில்லை: சுமார் 40 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2015-இல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

அதனால் முதலாளி யார் என்பதைவிட, தப்பு நடந்தால் யாரைக் கேட்பது, திரும்பி வர வழி இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒப்பந்தத்தை மூடி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிற அரசையும் நான் நம்ப மாட்டேன்.

அரசே நன்றாக நடத்திய கதையும் உண்டு. கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் குடிநீர் நிறுவனம் அரசுடையது. எக் சோன் சான் என்பவர் 1993-இல் அதன் பொறுப்பேற்றபோது, அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதத்துக்குக் காசு வரவில்லை: கசிவு, திருட்டு, கணக்கில் இல்லாத இணைப்புகள். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். நன்றாக வேலை செய்த ஊழியருக்கு ஊக்கத்தொகை, கையூட்டு வாங்கியவருக்குத் தண்டனை. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளில் அந்த இழப்பு 6 சதவீத அளவுக்கு இறங்கியது. மீட்டர் பொருத்தப் போன இடத்தில் ராணுவத் தளபதி ஒருவர் அவரை நோக்கித் துப்பாக்கியை நீட்டினாராம். மனிதர் திரும்பிப் போனார், ஆயுதம் ஏந்திய காவலர்களோடு மறுபடி வந்தார், தளபதி வீட்டுத் தண்ணீரை நிறுத்தினார்.

வணக்கம்.