அச்சாணிக்குத் தப்பிய பெயர்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

வாசல் பலகையில் 'தாத்தார்: ஒரு பெயரின் கதை' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே வரும்போது ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "இன்னிக்கு தாத்தாக்களைப் பத்தியா சார்?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதே இன்னும் முடிவாகவில்லை. ஒருவர் டாடர் என்கிறார், இன்னொருவர் தத்தார் என்கிறார், வேறொருவர் தார்த்தாரியர் என்கிறார். கடைசியில் சொன்னதில் நடுவே ஒரு 'ர்' நுழைந்திருக்கிறதே, அது வந்த கதை தனி. அதற்குப் பிறகு வருகிறேன்.

2024 அக்டோபரில் பிரிக்ஸ் மாநாடு கசான் நகரில் நடந்தது. நம் பிரதமரும் போயிருந்தார். ரஷ்யாவுக்குள் இருக்கும் தாத்தார்ஸ்தான் குடியரசுக்கு அதுதான் தலைநகர். தாத்தார் என்றதும் இன்று உலகம் நினைப்பது அந்த மக்களைத்தான். ஆனால் இந்தப் பெயரை முதலில் சுமந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களைக் கூட்டமாகக் கொன்றுபோட்டார்கள். போட்டவர்கள் மேலேயே அந்தப் பெயர் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

மங்கோலியாவில் ஓர்க்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. குல் தெகின் என்ற துருக்கிய இளவரசனுக்கு 732-இல் நாட்டியது. அதில் 'முப்பது தாத்தார்' என்று ஒரு கூட்டம் வருகிறது. அவனுடைய அண்ணன் பில்கே ககானின் கல்லில் 'ஒன்பது தாத்தார்' வருகிறார்கள். நம் பக்கம் பதினெட்டுப்பட்டி என்போமே, அப்படி எண்ணைச் சேர்த்துச் சொல்லும் குலக்கூட்டங்கள். பிற்பாடு இவர்கள் மங்கோலியாவின் கிழக்குப் பக்கம் வலுவாக இருந்தார்கள். அவர்களை வைத்து, வடக்கே இருந்த மேய்ச்சல்காரர்கள் எல்லாரையுமே சீனர்கள் 'தாதா' என்று பொதுவாகச் சொல்லப் பழகினார்கள்.

இவர்களுக்கும் மங்கோலியருக்கும் தீராப் பகை. தெமுஜின் என்ற சிறுவனின் தகப்பன் வழியில் தாத்தார்களின் விருந்தில் உட்கார்ந்தான்; அவர்கள் விஷம் வைத்தார்கள், வீடு வந்து சேர்ந்து செத்தான். அந்தச் சிறுவன்தான் பின்னால் செங்கிஸ் கான்.

1202-இல் அவன் தாத்தார்களைத் தோற்கடித்தான். பிடிபட்டவர்களை என்ன செய்வது என்று உறவுக்காரர்கள் கூடாரத்துக்குள் கூடிப் பேசினார்கள். வண்டிச் சக்கரத்து அச்சாணிக்குப் பக்கத்தில் ஒவ்வொருவனையும் நிறுத்துவது, அதற்குமேல் உயரமாக இருக்கும் ஆணை வெட்டுவது என்று முடிவாயிற்று. அச்சாணி எவ்வளவு உயரம் இருக்கும்? மாட்டுவண்டி பார்த்தவர்களுக்குத் தெரியும், இடுப்புக்குக்கூட வராது. கைக்குழந்தைகளும் சின்னப் பிள்ளைகளும் மட்டும் மிஞ்சுவார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்த தம்பி பெல்குதேய், கேட்ட ஒரு தாத்தாரிடம் விஷயத்தை உளறிவிட்டான். அவர்கள் ஆளுக்கொரு கத்தியைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டார்கள். சாவதுதான் சாகிறோம், ஆளுக்கொருவனைத் தலையணையாகப் போட்டுக்கொண்டு சாவோம் என்றார்கள். மங்கோலியப் பக்கத்திலும் நிறைய உயிர் போனது. உளறியதற்குத் தண்டனையாக, இனிமேல் பெரிய ஆலோசனைக் கூட்டங்களுக்குள் பெல்குதேய் வரக்கூடாது என்றாயிற்று. இதெல்லாம் எதிரிகள் எழுதிய அவதூறு என்று நினைக்காதீர்கள். மங்கோலியர்களே 13-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த தங்கள் வரலாற்று நூலில் இருப்பது.

இன்னொரு சின்ன விஷயமும் அதிலேயே இருக்கிறது. இதற்கு முன்பு நடந்த ஒரு சண்டையில், கைவிட்டுப்போன தாத்தார் முகாமில் ஒரு சிறுவன் கிடைத்தான். மூக்கில் தங்க வளையம். அதைப் பார்த்ததும் பெரிய வீட்டுப் பிள்ளை என்று சொல்லி, செங்கிஸ் கானின் தாயே எடுத்து வளர்த்தாள். பெயர் ஷிகி குதுகு. 1206-இல் பேரரசு அமைந்தபோது வழக்குத் தீர்க்கும் பெரிய பொறுப்பு அவனிடம் வந்தது.

மங்கோலியப் படை மேற்கே போகப் போக, எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் அவர்களைத் தாத்தார் என்றே சொன்னார்கள். 1253-இல் புறப்பட்டுப் போன ருப்ருக் வில்லியம் என்ற பாதிரியார், இவர்களுக்குத் தாத்தார் என்று சொன்னால் பிடிக்கவில்லை, அது வேறு மக்களின் பெயராம் என்று குறித்திருக்கிறார். பிடிக்குமா? அப்பனைக் கொன்றவனின் பெயரைச் சொல்லி உங்களை யாராவது கூப்பிட்டால் எப்படி இருக்கும்!

இப்போது அந்த 'ர்'. கிரேக்கப் புராணத்தில் பாதாளத்துக்குத் தார்தரஸ் என்று பெயர். 1241-இல் போலந்திலும் ஹங்கேரியிலும் படைகள் நொறுங்கின. பாதாளத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள் என்று நினைத்த ஐரோப்பா, பெயருக்குள் ஒரு எழுத்தைச் செருகித் தார்த்தார் ஆக்கிவிட்டது. பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி இதை வைத்துச் சிலேடை பேசியதாகவே அக்கால ஆங்கிலத் துறவி ஒருவர் எழுதியிருக்கிறார். பிறகு நிலப்படம் போட்டவர்கள் வோல்கா ஆற்றிலிருந்து பசிபிக் வரை தங்களுக்குத் தெரியாத இடம் எல்லாவற்றுக்கும் தார்த்தாரி என்று எழுதிவிட்டார்கள். சகாலின் தீவுக்கும் ஆசியக் கரைக்கும் நடுவே இருப்பது இன்றும் தாத்தார் நீரிணைதான். கசானிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கும் மேல்!

பல் மருத்துவர் "டார்ட்டர் படிஞ்சிருக்கு" என்பாரே, அதற்கும் இந்த மக்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது திராட்சை ரசப் பீப்பாயின் அடியில் படியும் கசடுக்கு இடைக்கால லத்தீனில் இருந்த பெயர். 1769-இல் ஷீலே என்ற வேதியியலாளர் அந்தக் கசடிலிருந்து பிரித்தெடுத்த அமிலம்தான் டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியின் புளிப்பும் பெரும்பாலும் அதுவே. ஆக, ரசம் வைக்கிறவர்களுக்கும் இந்தப் பெயரோடு ஒரு பொய்யுறவு உண்டு.

ரஷ்யப் பேரரசின் கணக்கில் துருக்கிய மொழி பேசும் முஸ்லிம் என்றாலே பெரும்பாலும் தாத்தார்தான். இன்றைய அஜர்பைஜானியர்களுக்கு அந்த ஏடுகளில் காக்கேசியத் தாத்தார் என்று பெயர். நாமும் இதைச் செய்தவர்கள்தாம். துருக்கர் என்ற சொல்லைத் துலுக்கர் ஆக்கி, துருக்கியைக் கண்ணாலும் பார்த்திராத நம்மூர் முஸ்லிம்கள் எல்லார் மேலும் ஒட்டினோம். சாமந்தியைக்கூட விடவில்லை, அதிலும் ஒன்றைத் துலுக்கச் சாமந்தி ஆக்கினோம். அவர்கள் அப்படித் தங்களைச் சொல்லிக்கொண்டார்களா என்று கேட்டோமா?

அந்நாளில் கசான்காரர்களும் தங்களைத் தாத்தார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. முஸ்லிம் என்பார்கள், கசான்காரன் என்பார்கள், பல்கார் என்பார்கள். வோல்கா பல்கார் என்பது அந்தப் பக்கத்தில் முன்பு இருந்த, 922-இல் இஸ்லாத்தை ஏற்ற நாடு. 1236-இல் அதை அழித்தது மங்கோலியப் படை, அதாவது ஊரார் வாயில் 'தாத்தார்' படை. தங்கள் முன்னோரை அழித்தவன் பெயரை எவன் ஏற்பான்? அங்கேதான் ஷிகாபுத்தீன் மர்ஜானி (1818–1889) வருகிறார். கசானில் இமாம், வரலாற்று அறிஞர். ரஷ்யர்கள் வசவாகச் சொல்கிறார்கள் என்பதற்காகப் பெயரையே மறுப்பதா, நீ தாத்தார் இல்லை, அரபி இல்லை, ரஷ்யனும் இல்லை, பிரெஞ்சுக்காரனும் இல்லை என்றால் பின்னே யார் நீ என்று தம் மக்களையே கடிந்துகொண்டார். அவர் சொன்னது உடனே எடுபடவில்லை, மெல்ல மெல்லத்தான் நிலைத்தது. 1920-இல் அந்தப் பெயரிலேயே சோவியத் குடியரசு அமைந்தது. பல்கார் என்று மாற்ற வேண்டும் என்பவர்கள் அதற்குப் பிறகும் உண்டு. என்னைக் கேட்டால், நான் மர்ஜானி பக்கம்.

கிரிமியாவில் கதை தலைகீழ். அங்கிருந்த கிரிமியத் தாத்தார்களின் மொழி வேறு, வரலாறு வேறு. 1944 மே 18 விடியலில் சோவியத் அரசின் ஆட்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஏறக்குறைய 1,90,000 பேரைச் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். பெரும்பாலோர் போய் இறங்கியது உஸ்பெகிஸ்தானில். நாஜிகளுக்குத் துணைபோனார்கள் என்று மொத்த இனத்தின் மேலும் பழி. 1967 செப்டம்பரில் அந்தப் பழியை நீக்கி ஓர் ஆணை வந்தது. ஆணையின் வாசகத்தைப் பாருங்கள்: 'முன்பு கிரிமியாவில் வசித்த, தாத்தார் தேசிய இனத்துக் குடிமக்கள்'. கிரிமியத் தாத்தார் என்ற பெயரே அதில் இல்லை. அவர்கள் உஸ்பெகிஸ்தானிலும் பிற குடியரசுகளிலும் வேரூன்றிவிட்டார்கள் என்றும் சேர்த்து எழுதியிருந்தார்கள். முன்பு வசித்தவன் என்றால் வீடு மாறிப் போனவன் என்றுதானே பொருள்? அப்புறம் எந்த மண்ணைத் திருப்பிக் கேட்பது? மன்னிப்புக் கொடுக்கும் தாளிலேயே பெயரை உருவிக்கொண்டார்கள். அவர்கள் கூட்டமாக ஊர் திரும்ப 1980-களின் கடைசி ஆயிற்று. அவர்களிலும் சிலருக்கு இன்று தாத்தார் என்ற ஒட்டே வேண்டாம். 'கிரிம்லி', கிரிமியாக்காரன், அது போதும் என்கிறார்கள்.

கடைசியாகத் தெற்கு சைபீரியாவுக்குப் போய் முடிக்கிறேன். யெனிசேய் ஆற்றுப் பக்கம் ககாஸ் என்றொரு மக்கள். ஜார் காலத்து அதிகாரிகள் அவர்களையும் தாத்தார் கணக்கில் எழுதியிருந்தார்கள். புரட்சிக் காலத்தில் படித்தவர்கள் கூடி, பழைய சீன ஏட்டில் இருந்த ஒரு சொல்லை எடுத்து, ககாஸ் என்று கௌரவமாகப் புதுப்பெயர் சூட்டினார்கள். குடியரசுக்கும் அதே பெயர், சோவியத் காலத்து அடையாள அட்டையிலும் அதே பெயர். வீட்டுக்குள் தங்கள் மொழியில் பேசும்போது மட்டும், நீ யார் என்று கேட்டால் 'ததர்' என்கிறார்கள்.