தோட்டத்துச் சாவி யாரிடம் இருக்கிறது?

[காட்சி: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு காலி மனை. உடைந்த செங்கல், கண்ணாடிச் சில்லு, புதர்.]

தலைமைப் பயிற்சியாக இந்த மனையைப் பத்து இளைஞர்களிடம் கொடுத்து, அக்கம்பக்கத்துக்குக் காய்கறித் தோட்டம் போடச் சொன்னால், முதலில் மண்வெட்டியைத்தான் தேடுவார்கள். மண்வெட்டி காத்திருக்கட்டும். முதலில் ஒரு பிடி மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

பழைய பெயின்டிலும் அந்தக் காலத்துப் பெட்ரோலிலும் ஈயம் என்ற நச்சு உலோகம் கலந்திருந்தது. அது மண்ணிலேயே தங்கிவிடும். எத்தனை மழை பெய்தாலும் எளிதில் போகாது. ஈயம் மிகுதி என்று முடிவு வந்தால், தரையில் தடுப்புத் துணி விரித்து, சுற்றிலும் பலகை அடித்து, வேறிடத்து நல்ல மண்ணும் மட்கிய உரமும் கொட்டி மேட்டுப்பாத்தி கட்ட வேண்டும். செலவு கூடும். கட்டலாமா, இடத்தையே மாற்றலாமா? அந்த முடிவை இளைஞர்களே எடுக்கட்டும்.

[காட்சி: பெரியவர்கள் வரைபடத்தைச் சுற்றி நிற்கிறார்கள். பிள்ளைகள் கையில் பூவாளி.]

பல திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். திட்டம் பெரியவர்களுடையது, தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகள், கடைசியில் ஒரு குழுப் படம். இதைத் தலைமைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1991-இல் தொடங்கிய 'தி ஃபுட் புராஜெக்ட்', நகரத்துப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் ஒரே குழுவாக வயலில் இறக்கியது. உழைப்புக்கு ஊதியமும் கொடுத்தது. ஒருவர் வேலையில் எது நன்று, எது திருந்த வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகுவதும் அங்கே பயிற்சிதான். களையெடுப்பதைவிட அது கடினம்.

[காட்சி: சுவரில் விதைப்பு அட்டவணை. பல கையெழுத்துகள், அடித்தல் திருத்தல்.]

முள்ளங்கி ஏறக்குறைய ஒரு மாதத்தில் தயாராகும். தக்காளிக்கு, நாற்று நட்டபின் இரண்டு மூன்று மாதம் ஆகும். முதல் முறை ஆர்வத்தில் எல்லா விதையையும் ஒரே நாளில் தூவிவிடுவார்கள். ஒரே வாரத்தில் கீரை குவியும், மறு வாரம் பாத்தி வெறிச்சோடும். பக்கத்து வீடுகளில் அடுப்போ வாரந்தோறும் எரிகிறது! அடுத்த முறை இரண்டு வார இடைவெளி விட்டு விதைப்பார்கள். யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த மனையில் தானியம் விளைந்து ஊர்ப் பசி தீராது. கிடைப்பது காய், கீரை, கொஞ்சம் பழம். நல்ல காய்கறிக் கடை எட்டாத தெருவுக்கு அதுவே பெரிது. அதையும் நண்பகலில் விற்றால், வேலைக்குப் போனவர்களுக்குக் கிடைக்காது. மாலையில் கடை விரிக்க வேண்டும்.

கணக்கு நோட்டும் அவர்கள் கையில் இருக்கட்டும். அமெரிக்க நகரமான மில்வாக்கியில் வில் ஆலன் என்பவர் 1993-இல் தொடங்கிய 'குரோயிங் பவர்' பண்ணை உலகப் புகழ் பெற்றது. ஆனாலும் பண நெருக்கடியில் 2017-இல் மூடப்பட்டது.

[காட்சி: விடுமுறை நாள் காலை. பூட்டிய கதவு.]

இன்று தண்ணீர் பாய்ச்சும் முறை யாருடையது? தெருமுனையில் ஒரு பெண் சைக்கிளை விட்டு இறங்குகிறாள். சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது.